கிருமியின் வகைகளும் எமது தயக்கமும்

பரிஸ் மாநகரின் லாச்சப்பல் பகுதியிலே, ரூ காய் வீதியின் இரு மருங்கும் எம்மவர் கடைகள் நிறைந்துள்ளன. மரக்கறி வாங்க வருவோரும், நகை பார்க்க வருவோரும், ஊர்ப் புதினம் கேட்க வருவோருமாக அந்தச் சிறிய வீதி வார இறுதி நாட்களில் நிரம்பி வழியும். நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் அங்கே உரத்த குரலிற் பேசுவோர், ‘சிடா’ என்ற சொல் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். அந்தத் தாழ்ந்த குரலிலே இரண்டு கருத்துக்கள் நெடுங்காலமாக உலவி வருகின்றன. “இது எங்கட சனத்துக்கு வாற வருத்தமில்லை” என்பது ஒன்று. “வந்தாலும் பத்து வருசத்துக்கு ஒன்றும் செய்யாது” என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் தவறான கருத்துக்கள். எச்.ஐ.வி. என்னும் வைரசின் மரபணு வேறுபாடுகள் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரட்டப்பட்டுள்ள அறிவு, இவ்விரு கருத்துக்களையும் பொய்ப்பித்து நிற்கிறது. அந்த அறிவின் பெரும்பகுதி நாம் வாழும் இதே நகரிற் பிறந்தது என்பதும், அதற்கு ஆதாரமாயிருந்தவர்களுட் பலர் எம்மைப் போன்ற அந்நிய நாட்டவர்களே என்பதும் எமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

முதலில் வைரசின் இயல்பை நோக்குவோம். அக்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்து எழுதியோர் விட்ட எழுத்துப் பிழைகளால் ஒரே நூலுக்குப் பல பாடபேதங்கள் தோன்றின. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற எமது பதிப்பாசிரியர்கள் அவற்றை ஒப்புநோக்கிச் சரியான பாடத்தைத் தேடி அல்லலுற்ற வரலாற்றை நாம் அறிவோம். எச்.ஐ.வி. வைரசும் தன்னைத் தானே பெயர்த்தெழுதிப் பெருகுகின்ற ஒன்றுதான். அதன் மரபுச் செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துக்களைக் கொண்டது. எமது உடலின் கலங்கள் தமது மரபுச் செய்தியைப் பிரதி செய்யும்போது பிழை பார்த்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. இந்த வைரசிடமோ அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. மருந்து எடுக்காத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வரையிலான புதிய வைரசுகள் உருவாகின்றன என 1990களின் நடுப்பகுதியிற் கணக்கிடப்பட்டது. பிழை திருத்துவாரின்றி இத்தனை பிரதிகள் எடுக்கப்படும்போது, ஒரே மனிதரின் உடலுக்குள்ளேயே எண்ணற்ற பாடபேதங்கள் தோன்றிவிடுகின்றன. இருவேறு வகைகள் ஒரே கலத்துள் நுழைந்தால், அவை தமக்குள் கலந்து மூன்றாவது வகையொன்றும் பிறக்கலாம்.

இவ்வாறு பல்கிய வைரசுகளை அறிவியலாளர் வகை பிரித்துள்ளனர். எச்.ஐ.வி. 1, எச்.ஐ.வி. 2 என்பன இரு பெரும் இனங்கள். முதலாவது இனத்திலே எம், என், ஓ, பி என நான்கு குழுக்கள் உள்ளன. உலகெங்கும் பரவியிருப்பது எம் குழு. அதற்குள் ஏ, பி, சி, டி எனத் தொடரும் பல உபபிரிவுகளும், அவை கலந்து உருவான கலப்பு வகைகளும் அடங்கும்.

இவ்வறிவு வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் பரிஸ் நகரின் பெயர் மீண்டும் மீண்டும் வரக் காணலாம். 1983 ஆம் ஆண்டிலே பாஸ்தர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசியும் லுக் மொந்தாஞேயும் அவர்தம் குழுவினரும் இந்த வைரசை முதன்முதலிற் பிரித்தெடுத்தனர். அதற்காக அவ்விருவருக்கும் 2008 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1986 இல், மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த நோயாளரிடமிருந்து எச்.ஐ.வி. 2 அடையாளங் காணப்பட்டபோதும் பாஸ்தர் நிறுவனத்தின் ஆய்வாளர்களே முன்னின்றனர். கமரூன் நாட்டுப் பெண் ஒருவரிடம் காணப்பட்ட என் குழுவை 1998 இல் உலகுக்கு அறிவித்தவர்களுள் பரிஸ் பிஷா மருத்துவமனையின் ஆய்வாளர்கள் முதன்மையானவர்கள். பிரான்சில் வாழ்ந்த மற்றொரு கமரூன் நாட்டுப் பெண்ணிடம் பி குழு கண்டறியப்பட்டதை 2009 இல் ரூவோன் நகர மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இதற்கிடையில் 1994 இல் வெளியான ஒரு செய்தி மருத்துவ உலகை அதிர வைத்தது. ஓ குழு வைரசு தொற்றிய சிலரின் இரத்தத்தை அன்று பாவனையிலிருந்த பரிசோதனைகள் சில ‘தொற்றில்லை’ எனக் காட்டிவிட்டன. பி உபபிரிவை மனதிற் கொண்டு வடிவமைக்கப்பட்ட சோதனை, தூரத்து உறவான மற்றொன்றை இனங்காணத் தவறிவிட்டது. இதன் பின்னரே உற்பத்தியாளர்கள் தமது பரிசோதனைகளைத் திருத்தியமைத்தனர். இன்று பிரான்சில் இரத்தம் கொடுப்போரும் பெறுவோரும் அனுபவிக்கும் பாதுகாப்புக்குப் பின்னால், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெயர் தெரியாத நோயாளரின் குருதியும் இருக்கிறது. அந்நியர் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பேசுவோர் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசுவதே முறை.

இனி ‘பத்து வருடம்’ என்ற கருத்துக்கு வருவோம். மருந்தில்லாத நிலையில், தொற்று ஏற்பட்டதிலிருந்து எயிட்ஸ் நோய் வெளிப்படும் வரை சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டுகள் செல்லும் என்பது உண்மையே. ஆனால் சராசரி என்பது பலரின் கணக்கைக் கூட்டி வகுத்துப் பெற்ற ஒரு எண். தனியொருவருக்கு அது எந்த உத்தரவாதத்தையும் தருவதில்லை. எந்த வகை வைரசு தொற்றியிருக்கிறது என்பதும் நோயின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று.

எச்.ஐ.வி. 2 பொதுவாக மெதுவாகவே உடலை நலிவடையச் செய்கிறது என்பது செனகல் நாட்டின் டக்கார் நகரிற் பல்லாண்டுகள் நடந்த ஆய்வுகளிற் புலனாயிற்று. உகண்டாவின் ரக்காய் மாவட்ட ஆய்வு 2008 இல் வெளியானது. தொற்றிலிருந்து எயிட்ஸ் நிலைக்குச் செல்ல, ஏ உபபிரிவு உடையோருக்கு எடுத்த இடைநிலைக் காலம் 8 ஆண்டுகள். டி உபபிரிவு உடையோருக்கு அது 6.5 ஆண்டுகள் மட்டுமே. கலப்பு வகை தொற்றியோருக்கு அதனினும் குறைவு.

இந்த வேறுபாட்டுக்கான காரணங்களுள் ஒன்று ஓரளவு விளங்கியுள்ளது. சி.டி.4 எனப்படும் வெண்குருதிக் கலங்களுக்குள் நுழைவதற்கு வைரசுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஒரு வாசலையே பயன்படுத்தும். காலப்போக்கில் சிலரது உடலில் அது மாற்றமடைந்து இரண்டாவது வாசலையும் திறக்கப் பழகிவிடும். அதன் பின் கலங்களின் அழிவு விரைவு பெறும். டி உபபிரிவு இந்த இரண்டாவது வாசலை ஏனையவற்றிலும் அதிகமாக நாடுவது அவதானிக்கப்பட்டுள்ளது.

இதற்கு நேர்மாறான சான்று ஒஸ்ரேலியாவின் சிட்னி நகரில் கிடைத்தது. 1980களின் முற்பகுதியில் ஒருவர் வழங்கிய இரத்தத்தின் மூலம் சிலருக்கு இத்தொற்று ஏற்பட்டது. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் நீண்ட காலம் எயிட்ஸ் நோய் அறிகுறியின்றி வாழ்ந்தனர். அவர்களிடமிருந்த வைரசின் ‘நெவ்’ என்னும் மரபணுவின் ஒரு பகுதி அற்றுப்போயிருந்தது 1995 இல் வெளிப்படுத்தப்பட்டது. ஒரு மரபணுவின் சிறு சிதைவு நோயின் நடையையே தளர்த்திவிட்டது. எனினும் பிற்காலத்தில் அவர்களுட் சிலருக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குறையத் தொடங்கியது. மெதுவான வைரசும் ஈற்றிற் பாதிப்பையே தருகிறது.

மிக அண்மைய செய்தி எமக்கு அயலிலுள்ள நெதர்லாந்திலிருந்து வந்தது. பி உபபிரிவுக்குள்ளேயே கூடிய வீரியம் மிக்க வகையொன்று அங்கு பரவியிருந்ததை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் 2022 பெப்ரவரியில் அறிவித்தனர். 109 பேரிடம் அது காணப்பட்டது. அவர்களது குருதியில் வைரசின் அளவு ஏனையோரிலும் மூன்றரை முதல் ஐந்தரை மடங்கு வரை அதிகம். சி.டி.4 கலங்கள் குறையும் வேகமோ இரு மடங்கு. முப்பது வயதுகளிலுள்ள ஒருவர் மருந்தின்றி இருப்பாராயின், தொற்றுக் கண்டறியப்பட்டதிலிருந்து உடலெதிர்ப்பு ஆபத்தான எல்லையைத் தொட வழமையான வகையில் 36 மாதங்கள் செல்லும். இவ்வகையில் அதற்கு 9 மாதங்களே போதும் என்று கணக்கிடப்பட்டது. இவ்வகை 1990களிலேயே பரவத் தொடங்கி, 2010 அளவிற் குறையலாயிற்று. அறிவிப்பு வருவதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அது எவர் கண்ணிலும் படாமல் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குச் சென்றிருக்கிறது. தன்னைத் தொற்றியது மெதுவான வகையா விரைவான வகையா என்பதை எவரும் கண்ணாடியிற் பார்த்து அறிய முடியாது. ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று காத்திருப்பது, ஆழம் அறியாத கிணற்றுள் இறங்குவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் அந்த நெதர்லாந்து ஆய்வு ஓர் ஆறுதலையும் தந்தது. சிகிச்சை தொடங்கிய பின்னர், வீரியம் மிக்க வகை தொற்றியோரும் ஏனையோரைப் போலவே நலம் பெற்றனர். இன்றைய மருந்துகள் வைரசு பெருகும் வழியையே அடைத்துவிடுவதால், அதன் இயல்பான வேகம் பொருளற்றுப் போகிறது. எனவே எமது கையில் இருப்பது காலம் ஒன்றுதான். பிந்தி அறிந்தவருக்கு விரைவான வகை பெருங்கேடு; வேளைக்கு அறிந்தவருக்கு எந்த வகையும் கட்டுப்படும். இதனாலேயே பிரான்சு 2013 முதல், கலங்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராது, தொற்று உறுதியான அனைவருக்கும் உடன் சிகிச்சை வழங்குமாறு பரிந்துரைத்து வருகிறது.

அடுத்து, ‘எங்கட சனத்துக்கு வராது’ என்ற கருத்து. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலிற் கண்டறியப்பட்டது தமிழகத்திலேயே என்பதை எம்மிற் பலர் அறியார். 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சொலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டபோது அது வெளிப்பட்டது. ‘எமது பண்பாட்டில் இது நடவாது’ என்று அன்று கூறியோர் வாயடைத்துப் போயினர். இந்தியாவிற் பரவியுள்ளவற்றுள் பெரும்பான்மையானது சி உபபிரிவு. உலகில் இவ்வைரசுடன் வாழ்வோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் இருப்பதும் இதுவே. இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதலில் அறிவிக்கப்பட்டது 1987 இல். ஏனைய நாடுகளோடு ஒப்பிடுகையில் அங்கு தொற்று மிகக் குறைவாகவே இருந்து வருகிறது என்பது உண்மை. அந்தக் குறைவு தாயகத்தின் கணக்கு. புலம்பெயர்ந்து வாழும் எமக்கு அது கவசமாகாது.

இதனை நாம் வெறும் அச்சத்தினாற் கூறவில்லை. பரிஸ் பெரும்பாகத்தில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் ‘பார்க்கூர்’ என்னும் ஆய்வு நடத்தப்பட்டது. எச்.ஐ.வி. தொற்றுடன் இங்கு வாழும் ஆபிரிக்கக் குடிவரவாளர்களுள் மூன்றிலொரு பங்கினர் முதல் அரைவாசிப் பேர் வரை, பிரான்சுக்கு வந்த பின்னரே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பது அதிற் தெரியவந்தது. நிரந்தர விசாவின்றி, நிலையான இருப்பிடமின்றிக் கழித்த ஆண்டுகளே அவர்களைத் தொற்றுக்கு ஆளாக்கும் ஆண்டுகளாகவும் அமைந்தன. இந்த ஆய்வு எம்மவர் பற்றியதன்று. ஆனால் அதிற் கூறப்பட்ட வாழ்க்கை எமக்கும் பழக்கமானதே. ஓர் அறையிற் பலர் ஒதுங்கி வாழ்தல், மனைவி பிள்ளைகளைப் பல்லாண்டுகள் பிரிந்திருத்தல், ‘கார்த்து செயூர்’ கிடைக்கும்வரை எதையும் வெளியிற் சொல்லாதிருத்தல் ஆகியன எந்த இனத்து அகதிக்கும் பொதுவானவை. வைரசு கடவுச்சீட்டைப் பார்த்துத் தொற்றுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சி உபபிரிவு, டி உபபிரிவு என்பன வைரசுக்கு இடப்பட்ட பெயர்கள். அவை மனிதருக்கோ நாடுகளுக்கோ இடப்பட்ட பெயர்களல்ல. இவற்றைக் கேட்டவுடன் ‘அந்த நாட்டாரின் கிருமி, இந்த நாட்டாரின் கிருமி’ என்று பிரித்துப் பேசும் பழக்கம் எம்மிடையே தோன்றிவிடலாகாது. மக்களைப் பிரித்து ஒதுக்குவதன் கொடுமையை எமது சமூகம் தன் தாயகத்திலேயே கண்டது. மேலும், நோயின் வேகம் வைரசின் வகையை மட்டும் பொறுத்ததன்று. ஒருவர் பிறப்பிலே பெற்ற நோயெதிர்ப்பு ஆற்றல், வயது, காசநோய் போன்ற ஏனைய தொற்றுக்கள் என்பனவும் அதிற் பங்கு கொள்கின்றன.

வகைகளை அறிவதால் வேறொரு நடைமுறைப் பயனும் உண்டு. நெவிரப்பீன், எபவிரென்ஸ் முதலிய மருந்துகள் அடங்கிய ஒரு மருந்துக் குடும்பம் எச்.ஐ.வி. 2 மீது பயன் தருவதில்லை. ஆகவே சிகிச்சைக்கு முன்னர் எந்த இனம் என்பதை அறிதல் அவசியம். பிரான்சில் சிகிச்சை தொடங்குமுன் வைரசின் மரபணுக்கள் ஆராயப்பட்டு, எந்த மருந்தை அது எதிர்க்கும் என்பது சோதிக்கப்படுகிறது. தான் பிறந்த நாடு எது, எங்கெங்கு வாழ்ந்தார், முன்னர் எந்த மருந்தை எடுத்தார் என்று மருத்துவர் வினவுவது சிகிச்சைக்கான தேவை கருதியே. அதனைப் பொலிஸ் விசாரணையாகக் கருதி மறைத்தல் வேண்டா.

மருந்தை ஒழுங்காக எடுப்பதன் அவசியமும் இதே பாடபேதக் கதையில் அடங்கியுள்ளது. 1987 இல் ஏ.இசட்.ரி. என்னும் மருந்து தனியே கொடுக்கப்பட்டபோது, அதற்கு அஞ்சாத வகைகள் விரைவிலே தலையெடுத்தன. 1996 முதல் பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு பூட்டைத் திறக்கும் திருடனால் மூன்று பூட்டுக்களை ஒரே வேளையில் திறக்க இயலாது. ஆனால் மருந்தை இடையிடையே நிறுத்துவோர் பூட்டைத் தாமே கழற்றிவிடுகின்றனர். உணவகங்களில் இரவு வேலை செய்வோரும், விடுமுறைக்கு ஊர் செல்வோரும், உறவினர் கண்டுவிடுவர் என அஞ்சிக் குளிசையை ஒளிப்போரும் இதனைச் சிறப்பாகக் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் வைரசு அளவிட முடியாத நிலைக்குக் குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து மற்றவருக்கு அது தொற்றாது. ஐரோப்பிய நாடுகளில் நடந்த பெரும் ஆய்வுகள் 2016 இலும் 2019 இலும் இதனை ஐயந்திரிபற நிலைநாட்டின. அவ்வாறானவர் திருமணம் செய்யலாம், பிள்ளைகளைப் பெறலாம். தாயிலிருந்து குழந்தைக்கு இத்தொற்றுச் செல்வதை இல்லாதொழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அங்கீகரித்தது. தாயகத்தில் தாய்மாருக்குக் கைகூடிய ஒன்று, மருத்துவ வசதி மிகுந்த பிரான்சில் வாழும் எமது பெண்களுக்கு வெட்கத்தின் பொருட்டுக் கைநழுவிப் போதல் தகுமா?

வசதிகள் எமது வாசலிலேயே உள்ளன. 2022 ஜனவரி முதல், மருத்துவக் காப்புறுதி உள்ள எவரும் மருத்துவரின் கடிதமின்றியே இரத்தப் பரிசோதனை நிலையமொன்றுக்குச் சென்று கட்டணமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளலாம். காப்புறுதியோ விசாவோ இல்லாதவர், ‘செஜிட்’ எனப்படும் நிலையங்களிற் பெயர் கூறாமலே இலவசமாகச் சோதிக்கலாம். அரச மருத்துவமனைகள் பலவற்றிலுள்ள ‘பாஸ்’ எனும் பிரிவு, காப்புறுதியற்றோரைக் கவனிப்பதற்கென்றே அமைந்தது. தொற்று நேர்ந்திருக்கலாம் என ஐயுறுவோர் 48 மணித்தியாலங்களுக்குள் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றால், அதைத் தடுக்கும் மருந்தும் வழங்கப்படும்.

‘ஒப்ராவுக்குத் தெரிந்துவிடுமோ, பிரிபெக்சருக்குத் தெரிந்துவிடுமோ’ என்ற அச்சம் எமது மக்களிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. மருத்துவ இரகசியத்தை வெளியிடுவோருக்கு ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் விதிக்கப் பிரெஞ்சுக் குற்றவியற் சட்டம் இடமளிக்கிறது. மொழிபெயர்க்கும் பொருட்டுப் பிள்ளைகளையோ அயலவரையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை நாம் தவிர்த்தல் நன்று. தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயாற் சொல்லவைப்பது அப்பிள்ளைக்கு இழைக்கும் கொடுமை. இரகசியம் காக்கும் கடப்பாடுடைய மொழிபெயர்ப்பாளரைத் தருமாறு மருத்துவமனையிடமே கோரலாம்.

இறுதியாக எமது பொது அமைப்புக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ச் சங்கங்களும், ஆலயங்களும், தேவாலயங்களும், தமிழ்ப் பாடசாலைகளும் ஆண்டுதோறும் எத்தனையோ விழாக்களை எடுக்கின்றன. அவற்றுள் ஒரு நாளில், தமிழறிந்த மருத்துவர் ஒருவரை அழைத்து அரை மணி நேரம் இது பற்றிப் பேச வைப்பது பெரிய காரியமன்று. கடைகளில் நாட்காட்டி தொங்கும் இடத்தருகே, சோதனை நிலையங்களின் முகவரி எழுதிய தாளொன்றையும் ஒட்டி வைக்கலாம். ஒருவருக்குத் தொற்று இருப்பதாகக் காதிற் விழுந்தால், அச்செய்தியை நம் காதோடு நிறுத்திக்கொள்ளலாம். பரிசோதனைக்குச் செல்ல ஒருவர் தயங்குவதற்கு ஊசியின் நோவு காரணமன்று. ஊரார் வாயே காரணம். வைரசு எந்த வகையாயினும் அதற்கு மருந்து உண்டு. அந்த மருந்தை எம்மவர் வேளைக்குச் சென்று பெறுவதும் பெறாதிருப்பதும் எமது நாவடக்கத்திலும் பெருமளவு தங்கியுள்ளது.